தர்பூசணியின் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

2025ஆம் ஆண்டுக் கோடையில், தர்பூசணிப் பழங்களில் ஊசி மூலம் சாயம் ஏற்றப்படுகிறது என்ற பேச்சு தமிழகத்தில் பரவியது. மக்கள் வாங்கத் தயங்கினர், விலை சரிந்தது, பழங்கள் வயலிலேயே தேங்கின. பழத்தின் சிவப்பு எப்படி உண்டாகிறது என்பதை விளைவிப்பவர் அறிந்திருந்தால், வாங்குபவருக்கும் எடுத்துச் சொல்ல முடியும்.

தர்பூசணிக்குச் சிவப்பு நிறம் தருவது லைகோபீன் என்னும் இயற்கை நிறமி. தக்காளியில் இருப்பதும் இதுவே. 100 கிராம் சிவந்த சதையில் 4 முதல் 5 மில்லிகிராம் வரை லைகோபீன் உண்டு. இது பச்சைத் தக்காளிப் பழத்தில் உள்ளதைவிட அதிகம். ஆரஞ்சு நிறச் சதையுள்ள முலாம்பழத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்துள்ளது. உடல் இதனை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக் கொள்கிறது.

நம் உடலில் உணவு எரிந்து சக்தியாகும்போது, உயிரணுக்களைத் தாக்கும் சில பொருட்களும் உண்டாகின்றன. அவற்றை அடக்குபவையே ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பொருட்கள். லைகோபீன், பீட்டா கரோட்டின், வைட்டமின் 'சி' ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஆயினும் பழம் உணவே அன்றி மருந்து அன்று. நீரிழிவு உள்ளவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும்.

இந்தச் சத்துகள் கொடியில் முற்றும்போதுதான் நிறைவு பெறுகின்றன. இலைகள் தயாரிக்கும் சர்க்கரை காம்பு வழியே காயை அடைகிறது. காம்பை அறுத்தபின் இனிப்பு ஏறாது. ஆனால் அறுத்து வைத்த பழத்தில் நிறம் மட்டும் சற்று ஏறலாம். விலை நன்றாக இருக்கிறதே என்று முன்கூட்டிப் பறித்த பழம், சிவந்தும் சப்பென்று இருப்பது இதனால்தான். 'சாயமோ' என்ற ஐயத்துக்கு இத்தகைய பழமே இடம் தருகிறது.

எனவே பருவமறிந்து பறிப்பது அவசியம். தர்பூசணியில் காம்பின் அருகிலுள்ள பற்றுக்கம்பி காய்ந்திருக்க வேண்டும். தரையில் படிந்த பகுதி வெண்மை மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்க வேண்டும். ஒரே அடையாளத்தை நம்பாமல் மூன்றையும் பார்ப்பது நல்லது. முலாம்பழத்தில் மணம் வீசுவதும், காம்பு எளிதில் விடுபடுவதும் பழுத்ததற்கு அறிகுறி.

அறுவடைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பிருந்து பாசனத்தைக் குறைத்தால் இனிப்பு கூடும். அந்தச் சமயத்தில் நீர் மிகுந்தால் சுவை குன்றும். பழம் வெடிக்கவும் கூடும். நோயால் இலைகள் கருகினாலும் இனிப்புக் குறையும். ஆகவே கடைசி வரை இலைகளைப் பாதுகாக்க வேண்டும். பறிக்கும்போது சிறிது காம்பு விட்டு, கத்தியால் அறுக்க வேண்டும்.

ஊசி குத்திய பழம் துளை வழியே நுண்ணுயிர் புகுந்து விரைவில் அழுகிவிடும். நல்ல பழத்துக்குச் சாயம் தேவையில்லை. மேலும் சில நாட்கள் கொடியில் விட்டுப் பறிப்பதே போதும்.