குட்டி எஞ்சினுக்கு ஒரு குரல்

மாடல் ரயிலில் என்னை இழுத்தது ஓட்டமல்ல, ஓசைதான். என் மேஜையில் இருப்பது 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்': 1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் உருவான நீராவி எஞ்சினின் 76இல் ஒரு பங்கு வடிவம். அதற்குக் குரல் தருவது டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் போர்டு.

தண்டவாளம் வழியே மின்சாரமும் கட்டளையும் சேர்ந்தே வரும். டிகோடர் கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரை ஓட்டும். ஸ்பீக்கருக்குச் சத்தமும் அனுப்பும். எஞ்சினுக்குள் இடம் குறைவு என்பதால், நிலக்கரி சுமக்கும் டெண்டர் பெட்டிக்குள் டிகோடர், ஸ்பீக்கர் இரண்டையும் வைப்பேன். சிவப்பு, கறுப்பு ஒயர்கள் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சு, சாம்பல் மோட்டாருக்கு. மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் டிகோடர் கருகிவிடும். மல்டிமீட்டரில் சோதித்த பிறகே சால்டர் வைப்பேன். ஸ்பீக்கரின் பின்புறத்தைச் சிறு பெட்டியால் இறுக மூட வேண்டும். இல்லையென்றால் குடமில்லாத வீணைபோல் சத்தம் மெலிந்துவிடும்.

அடுத்தது தாளம். சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை 'சுக்' என்னும். ஸ்காட்ஸ்மனுக்கு மூன்று சிலிண்டர், ஆகவே ஆறு. சக்கரமும் சத்தமும் ஒத்துப்போகும்வரை டிகோடரின் எண்களை மாற்றிப் பார்ப்பேன்.

புதிதாக இறங்குபவர்கள் டிகோடர் சாக்கெட் உள்ள எஞ்சினாகக் கேட்டு வாங்குங்கள். பாதி வேலை மிச்சம்.