வெள்ளி முகங்கள் – 7: உலைக்குப் போன தலைவர்கள்

1964 மார்ச்சில் அமெரிக்கக் கருவூலம் வெள்ளி டாலர்களை வழங்குவதை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்பே, கிடைத்தவரை வாங்கிவிட வேண்டும் என்று வாஷிங்டனில் கூட்டம் வரிசைகட்டி நின்றது. அடுத்த மாதம் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் காலமானார். விளம்பரப் பொருட்கள் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஜோசப் சீகல் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். வெள்ளிமேல் ஆசை, தலைவர்மேல் மரியாதை. இரண்டையும் சேர்த்து, உறுப்பினர்களுக்கு மட்டும் மாதம் ஒரு வெள்ளிப் பதக்கம் அனுப்பினால் என்ன? மெக்கார்தரின் முகத்தோடு தொடங்கிய அந்த யோசனைதான் ஃபிராங்க்ளின் மின்ட் நிறுவனமாக வளர்ந்தது. கென்னடி அரை டாலரில் கென்னடியின் முகத்தை வடித்த கில்ராய் ராபர்ட்ஸ், அரசு நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் பதவியை விட்டுவிட்டு அதே ஆண்டு இங்கே வந்து சேர்ந்தார். கைத்திறன் இல்லாதவர்கள் நடத்திய கடை என்று இதை ஒதுக்க முடியாது. வெள்ளியிலும் கலப்படம் இல்லை, 92.5 சதவீத ஸ்டெர்லிங்.

கோளாறு எண்ணிக்கையில் இருந்தது. குறைந்த அளவில்தான் அடிப்போம் என்பது விளம்பரத்தின் உயிர்நாடி. ஆனால் பல பதக்க வரிசைகளில் அந்த அளவைத் தீர்மானித்தது ஒரு கடைசித் தேதி மட்டுமே. அதற்குள் பணம் கட்டிய எல்லோருக்கும் பதக்கம் உண்டு. அதன் பிறகு அச்சை அழித்துவிடுவார்கள். நாணயமான ஏற்பாடுதான். ஆனால் இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆசைப்பட்ட எல்லோர் கையிலும் ஆளுக்கொன்று சேர்ந்துவிட்டால், நாளைக்கு அதை விற்கப் போகும்போது வாங்க யார் மிச்சம்? 1978இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இந்த மறுவிற்பனை அவலத்தை ஊரறியச் சொன்னது. நம்மூரில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால் செய்கூலியைக் கடைக்காரர் கணக்கில் எடுப்பதில்லை அல்லவா? அங்கே பதக்கத்தில் இருந்த லிங்கனின் முகமே செய்கூலியாகிப் போனது. 1980 ஜனவரியில் அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹண்ட் சகோதரர்களின் பதுக்கலால் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, பதக்கங்கள் குவியல் குவியலாக உலைக்குப் போயின.

உருக்கியது போக மிஞ்சியவை அரிதாகியிருக்குமே, விலை ஏற வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை இன்றும் வெள்ளி விலையை ஒட்டியே கைமாறுகின்றன. அரிதாக இருந்தால் மட்டும் போதாது, தேடுகிறவனும் வேண்டும். விற்பதற்காகவே செய்ததுதான் குற்றம் என்றும் சொல்ல முடியாது. ஜெனீவாவின் பதக்கச் செதுக்குநர் ஜான் தாசியே 1731 வாக்கில் இங்கிலாந்து மன்னர்களின் வரிசையைச் செம்பிலும் வெள்ளியிலும் அடித்தது வியாபாரத்துக்காகத்தான். அதைச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், தாசியேயின் கைவேலைக்காக. இன்னொரு பக்கம், 1804இல் அமெரிக்க ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் மேற்கே கொண்டுபோய்ப் பழங்குடித் தலைவர்களுக்குக் கொடுத்த ஜெஃபர்சன் சமாதானப் பதக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஜனாதிபதியின் முகம், மறுபக்கம் குலுக்கும் இரு கைகள். இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகளை விளிம்பில் பொருத்திய பண்டம், உள்ளே வெற்றிடம். எடைக்குப் போட்டால் காசு பெறாது. ஆனாலும் அருங்காட்சியகங்கள் அதைப் பொத்திவைத்துக் காக்கின்றன. சில பதக்கங்கள் கல்லறைகளிலிருந்தே கிடைத்தன. அந்தக் கைகுலுக்கல் பின்னாளில் என்ன ஆனது என்பது வேறு கதை. ஆனால் பதக்கம் அந்தச் சம்பவத்தின் உள்ளேயே இருந்தது. சந்தாதாரருக்குத் தபாலில் வந்ததோ, சம்பவத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே.

கடைசியாக ஒரு மறுப்பு: வாங்கியவர்கள் லாபத்துக்கா வாங்கினார்கள்? பெரியவர்களின் முகம் வீட்டில் இருக்கட்டும், பிள்ளைகள் பார்த்து வரலாறு படிக்கட்டும் என்று நினைத்திருக்கக் கூடாதா? நினைத்திருக்கலாம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அதற்கு வெண்கலம் போதும். பல வரிசைகள் வெண்கலத்திலும், மிகக் குறைந்த விலையில், கிடைத்தன. முகம் ஒன்றேதான், அச்சும் அதே நேர்த்திதான். கூடுதல் பணம் போட்டு வெள்ளியை எடுத்தவர் மனத்தின் ஓர் ஓரத்தில், பின்னால் கைகொடுக்கும் என்ற கணக்கும் இருந்தது. 1980இல் கைகொடுக்கவும் செய்தது, தலைவரை உருக்கித்தான். வெண்கலத்தில் வாங்கியவருக்கு அன்று உலைக்குப் போகக் காரணமே இருக்கவில்லை.