முதலில் செடி... கடைசியில்தான் மீன்!

சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் சென்னை கொளத்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். வண்ண மீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெருக்கள். பைக்கில் இரண்டு பேர் வருவார்கள். திரும்பிப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் ஒரு கண்ணாடித் தொட்டி, கையில் தண்ணீர் கட்டிய பாலிதீன் பை, பைக்குள் கலர் கலராகப் பத்துப் பன்னிரண்டு மீன்கள்! வீட்டுக்குப் போன அரை மணி நேரத்தில் தொட்டியில் தண்ணீர் ரொப்பி, மீனை விட்டு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை அதே ஆசாமி அதே கடை வாசலில் நிற்பார். முகத்தில் போன வாரத்துக் களை இருக்காது.

"எல்லாம் போயிடுச்சுண்ணே..."

"தண்ணி சேரலை தம்பி! இந்த மருந்துல ரெண்டு மூடி ஊத்துங்க. புதுசா ஒரு டஜன் போட்டுக்கலாமா?"

தண்ணீர் சேராமல் இல்லை ஸ்வாமி. தண்ணீர் இன்னும் தயாராகவே இல்லை. வித்தியாசம் என்ன என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். செடி கொடியெல்லாம் வைத்து, ஒரு குட்டிக் காட்டையே தண்ணீருக்குள் கொண்டுவந்தது மாதிரி தொட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்த ஒரு சமாசாரத்தைப் புரிந்துகொண்டால் போதும். பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மீன் மூச்சு விட்டாலே செவுள் வழியாக அம்மோனியா வெளியே வருகிறது. அதன் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, அழுகின இலை... எல்லாம் கடைசியில் அம்மோனியாதான். சுத்தமான விஷம். ஆறு, குளத்தில் இதைத் தின்பதற்கென்றே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கோஷ்டி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். (அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும்.) இன்னொரு கோஷ்டி அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் செடிக்கு உரம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கோஷ்டியும் போதுமான அளவுக்குப் பெருகிக் குடித்தனம் நடத்த நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீனை விடுவது, அடுப்பு, குழாய், கக்கூஸ் எதுவும் இல்லாத வீட்டுக்குக் குடும்பத்தோடு பால் காய்ச்சப் போவது மாதிரி!

பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே வித்தை இங்கேயும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கிற நண்பர் யாராவது இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து உங்கள் ஃபில்டருக்குள் சொருகி விடுங்கள். அழுக்காகத்தான் இருக்கும். கழுவிவிடாதீர்கள்! அந்த அழுக்குதான் உறைமோர். காத்திருக்கும் நாட்கள் கணிசமாகக் குறையும்.

சரி, தொட்டிக்கு வருவோம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் தோதான சைஸ். சுமார் 56 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சின்னதாக வாங்கினால் வேலை சுலபம் என்று தோன்றும். நேர்மாறு! தண்ணீர் குறையக் குறைய அதில் நடக்கும் சின்ன மாற்றமும் பெரிய கலவரமாகிவிடும். ஆனால் ஒன்று... 56 லிட்டர் என்றால் 56 கிலோ. மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் தடியான ஒரு ஆள் எடைக்கு வந்துவிடும். அந்த ஆள் டி.வி. ஸ்டாண்டு மேலே இருபத்துநாலு மணி நேரமும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் அது தாங்குமா என்று யோசித்துவிட்டு இடம் பாருங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டவே வேண்டாம். பாசி பிடித்து, ஒரே மாதத்தில் கோயில் குளம் கலருக்கு வந்துவிடும்.

உள்ளே என்ன போடுவது? வீடியோவில் பார்த்துவிட்டு நேராக வெளிநாட்டு மண், சிலிண்டரில் கார்பன் டை ஆக்ஸைடு, ரெகுலேட்டர் என்று இறங்கினால் இ.எம்.ஐ.யில்தான் போய் நிற்கும். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் செடித் தொட்டிகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் வழி சிக்கனமான வழி. எருவும் யூரியாவும் கலக்காத தோட்டத்து மண்ணைச் சலித்து அடியில் ஒரு அங்குலம் பரப்புங்கள். அதன் மேல் ஒரு அங்குலத்துக்குக் கழுவின சிறு மணல். மண்ணில் இருக்கும் சத்து செடிக்கு. மண் கலங்கி மேலே வராமல் மணல் காவல். அவ்வளவுதான்! கடற்கரை மணலை மட்டும் அள்ளி வந்துவிடாதீர்கள். உப்பும் கிளிஞ்சலும் சேர்ந்து தண்ணீரைக் கெடுத்துவிடும். கல்லுக்கும் ஒரு பரீட்சை உண்டு. இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம்.

அழகு என்ற சமாசாரம் இங்கேதான் ஆரம்பம். இந்தக் கலையை உலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர் டகாஷி அமானோ. ஜப்பானில் நீகாட்டாவில் 1954-ல் பிறந்தவர். தொழில்முறை சைக்கிள் பந்தய வீரராக இருந்து, பிறகு இயற்கைப் புகைப்படக்காரர் ஆனவர். காட்டில் பார்த்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அதற்கென்றே 1982-ல் கம்பெனி ஆரம்பித்தார். 2015-ல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு செடித் தொட்டி அமைத்துக் கொடுத்தார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர் தண்ணீர்! அதே வருடம் ஆகஸ்டில் காலமானார்.

அவர் பாணியில் கல் அடுக்கும் முறையை ஜப்பானில் 'இவாகுமி' என்கிறார்கள். விஷயம் சிம்பிள். கற்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்: மூன்று, ஐந்து, ஏழு. (நம்ம ஊர் மொய்க் கவர் மாதிரி!) எல்லாம் ஒரே ரகக் கல்லாக இருக்கட்டும். அதில் பெரியது ஒன்று தலைமைக் கல். அதை நட்டநடுவே வைத்தால் சமாதி மாதிரி இருக்கும். தொட்டி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஓடுகிற ஆற்றில் சாய்ந்து நிற்பது போல லேசாகச் சாய்த்து ஊன்றுங்கள். சின்னக் கற்கள் அதைப் பார்த்துத் தலை வணங்கினது மாதிரி பக்கத்தில். மணல் முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும் இருந்தால் ஒரு அடி அகலம் கண்ணுக்கு மூன்றடி ஆழமாகத் தெரியும். பிளாஸ்டிக் தாமரை, வாய் திறந்து மூடும் முதலை, காற்றுக் குமிழி விடும் புதையல் பெட்டி இதையெல்லாம் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் பாதி அழகு தானாகவே வந்துவிடும்.

செடியில் ஆரம்பக்காரர்களுக்கு அடங்கி நடப்பவை சில உண்டு. பின்வரிசைக்கு வேலிஸ்னேரியா. ரிப்பன் மாதிரி நீளமாக வளர்ந்து திரை கட்டிவிடும். இது அந்தக் காலத்து ஆள். 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் இரண்டு தங்க மீன்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். மீனும் செடியும் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டு தொட்டிக்குள் பிழைக்குமா என்று பார்க்க அவர் நட்ட செடி இதுதான். அழுகின இலைகள் தொல்லை கொடுக்கவே, அவற்றைத் தின்ன நத்தைகளையும் விட்டார். காரியம் பலித்தது!

நடுவரிசைக்கு கிரிப்டோகரைன் வெண்டியை. இலங்கை ஓடைகளில் வளர்வது. நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கூழாகிக் கரைந்து, "போச்சுடா!" என்று தலையில் கை வைக்க வைக்கும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் உள்ளே உயிரோடுதான் இருக்கும். புது ஆபீஸுக்கு மாற்றலாகி வந்தவர் மாதிரி கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுப் புது இலை விடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மணலில் நடக்கூடாது. இஞ்சி மாதிரி படுத்திருக்கும் தண்டு புதைந்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். கட்டையை மட்டும் முன்கூட்டியே சில நாட்கள் ஊறப் போடுங்கள். இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீர் டீக்கடை கிளாஸ் மாதிரி ஆகிவிடும். தரை முழுக்கப் பச்சைக் கம்பளம் விரிக்கும் புல் வகைகளுக்கு நல்ல வெளிச்சமும் கார்பன் டை ஆக்ஸைடும் வேண்டும். அது அடுத்த தொட்டிக்கு.

செடியைக் கஞ்சத்தனம் பார்க்காமல் முதல் நாளே நிறைய நடுங்கள். தொட்டியின் தரையில் பாதிக்கு மேல் செடி இருக்கட்டும். செடி கொஞ்சமாக இருந்தால் மிச்ச உரத்தைத் தின்னப் பாசி வந்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். பக்கெட்டோடு கவிழ்த்தால் இதுவரை செய்த சிற்ப வேலையெல்லாம் சேறு! மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். கடையில் விற்கும் குளோரின் எதிர்ப்பு மருந்தைச் சில சொட்டு விடுங்கள். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரும் கலந்துகொள்ளலாம்.

விளக்கு விஷயத்தில் ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. செடிக்கு ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் வெளிச்சம் போதும். எந்த ஆறு மணி என்று அது கேட்பதில்லை. ஒரு டைமர் ப்ளக் வாங்கி சாயங்காலம் நாலு முதல் பத்து வரை வைத்துவிட்டால், மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஏழரைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது காடு ஜெகஜ்ஜோதியாக இருக்கும். காலையில் போட்டுவிட்டுப் போனால் பார்ப்பது பல்லி மட்டும்தான்.

இனிதான் பொறுமைக்குச் சோதனை. மீன் இல்லாத தொட்டி ஒரு மாதம் ஹாலில் நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். "என்னப்பா, மீனெல்லாம் செத்துப் போச்சா?" சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அது அழுகி பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும். வாரம் ஒரு தரம் ஒரு பக்கெட், அதாவது பதினைந்து லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினால் துளசி கொழிக்கும். கண்ணாடியில் பழுப்புப் பாசி வரும், போகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் விற்கிறார்கள். இரண்டும் பூஜ்யம் காட்டி, அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே நின்றால்... இப்போது போகலாம் மீன் கடைக்கு!

இரண்டடித் தொட்டிக்கு ஒரே ஜாதிச் சின்ன மீன் எட்டுப் பத்து அழகு. இலங்கைக்காரரான செர்ரி பார்ப், முக்கோணக் கறுப்பு மச்சம் வைத்த ஹார்லிக்வின் ரஸ்போரா இரண்டுமே கூட்டமாகத் திரியும் சாதுக்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாமல் பாதிப் பாதியாக விடுங்கள். தங்க மீன் வேண்டாம். செடியைக் கீரைக்கட்டு மாதிரி மேய்ந்துவிடும்.

"கண்ணாடியெல்லாம் இதுவே சுத்தம் பண்ணிடும் சார்" என்று கறுப்பாக ஒன்றைக் கடையில் நீட்டுவார்கள். சக்கர் மீன். விரல் நீளத்தில் வரும். வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல்! பிறகு வைத்துக்கொள்ளவும் முடியாமல், கொல்லவும் மனசு வராமல், புண்ணியம் என்று நினைத்து ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களின் கைங்கரியம்தான், தென் அமெரிக்காவில் இருக்க வேண்டிய இந்த மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகிக் கிடப்பது. அதன் முள் கவசம் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. கரையில் எடுத்துப் போட்டால் வாங்க ஆளில்லை. மீனோ செடியோ, மிஞ்சினால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். செடி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுங்கள். ஏரிக்கும் கூவத்துக்கும் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடாகும். டேபிள் ஃபேனைத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தால் மண்பானை தத்துவத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிற தண்ணீரை மட்டும் அவ்வப்போது ஊற்றிக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? நாலைந்து நாள் தீனி இல்லாவிட்டால் வளர்ந்த மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. கேட்டால் பக்கத்து வீட்டு மாமி நம்ப மாட்டார். "பாவம்டா, வாயில்லா ஜீவன்!" என்று டப்பாவைப் பாதி கவிழ்த்துவிடுவார். அப்படியே யாரிடமாவது ஒப்படைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், விபூதி மடிக்கிற மாதிரி ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை வீதம் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்!