அப்பாவுக்கு வந்த நோயைச் செல்போனில் தேடலாமா?

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்வோம். ஊர் மும்பை. இடம் தாராவி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே போனவர்களின் பேரப் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள்.

இந்த வீட்டில் அப்பா, அம்மா, மகள், ஒரு சின்னப் பையன். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். மூன்று வாரமாக அவருக்கு இருமல். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். இரவில் வியர்த்துச் சட்டை நனைகிறது. உடம்பும் இளைத்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சளி எடுத்துச் சோதித்தார்கள். ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் இந்தியில் ஏதோ விளக்கினார். பின்னால் பெரிய வரிசை நின்றது. அம்மா முழுதும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரவு அப்பா தூங்கிய பிறகு அம்மா சீட்டை எடுத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியும். எழுத்தறிவு வகுப்பில் கற்றது. சீட்டோ ஆங்கிலத்தில் இருந்தது.

“என்னடி போட்டிருக்கு?”

“ரிஃப் ரெசிஸ்டன்ஸ்னு ஏதோ போட்டிருக்கும்மா.”

“செல்லுல தேடிப் பாரு.”

மகள் அந்த இரண்டு சொல்லைப் போட்டுத் தேடினாள். செல்போன் பக்கம் பக்கமாகக் காட்டியது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் சிகிச்சை. தினமும் ஊசி. பலர் பிழைப்பதில்லை. மகள் படிக்கப் படிக்க அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று இரவு இருவரும் தூங்கவில்லை.

காலையில் அம்மா மருத்துவமனைக்கு ஓடினாள். தமிழ் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“ரெசிஸ்டன்ஸ்னு மட்டும் படிச்சீங்களா? அதுக்கு அப்புறம் ஒரு சொல் இருக்கே, அதைப் படிக்கலையா?”

அந்தச் சொல் ‘நாட்’. தமிழில் ‘இல்லை’.

சீட்டில் என்ன இருந்தது?

சீட்டில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி: ‘எம்.டி.பி. டிடெக்டட், மீடியம்’. எம்.டி.பி. என்பது காசநோய்க் கிருமியின் பெயர்ச் சுருக்கம். டிடெக்டட் என்றால் கண்டுபிடிக்கப்பட்டது. மீடியம் என்றால் நடுத்தர அளவு. அதாவது, சளியில் காசநோய்க் கிருமி நடுத்தர அளவில் இருக்கிறது.

இரண்டாவது வரி: ‘ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்’. ரிஃப் என்பது ரிஃபாம்பிசின் என்ற மருந்து. காசநோய்க்கு முக்கியமான மருந்து அதுதான். ரெசிஸ்டன்ஸ் என்றால் எதிர்ப்பு. இந்த மருந்தை எதிர்த்து நிற்கும் சக்தி கிருமிக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அந்த வரியின் பொருள். மருந்து வேலை செய்யும். நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியைப் படித்துவிட்டுத்தான் இருவரும் இரவெல்லாம் அழுதார்கள்.

மருத்துவச் சீட்டில் இப்படிச் சில சொற்கள் நம்மை ஏமாற்றும். ‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது என்று நினைப்போம். பரிசோதனைச் சீட்டில் அதற்கு ‘தேடியது இருக்கிறது’ என்று பொருள். தேடியது நோய்க் கிருமி என்றால் அது நல்ல செய்தி அல்ல. ‘நெகட்டிவ்’ என்றால் தேடியது தென்படவில்லை.

ஆகவே தேடுவதற்கு முன்னால் சீட்டை முழுதாக எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வரி முழுவதையும் அப்படியே போட்டுத் தேடுங்கள். ஒரு சொல்லைப் பிய்த்து எடுத்துத் தேடினால் செல்போன் அந்த ஒரு சொல்லுக்குத்தான் பதில் சொல்லும். சீட்டுக்குப் பதில் சொல்லாது.

பயந்த கண்

நம் வீட்டு மனிதருக்கு நோய் என்றால் மனம் பதறும். பதறிய கண் கெட்டதைத்தான் முதலில் படிக்கும். உலக சுகாதார நிறுவனம் காசநோய் பற்றி ஒரு பக்கம் வைத்திருக்கிறது. சிகிச்சை எடுக்காவிட்டால் சுமார் பாதிப்பேர் இறந்துவிடுவார்கள் என்று அதில் இருக்கிறது. சரியான சிகிச்சை எடுத்தால் நூற்றுக்குச் சுமார் 85 பேர் குணமடையலாம் என்றும் இருக்கிறது. நாம் எதைப் படிப்போம்? முதலாவதைப் படித்துவிட்டுச் செல்போனை வைத்துவிடுவோம்.

கணக்கு பொய் இல்லை. ஆனால் அது யாருடைய கணக்கு என்று கேட்க வேண்டும். மருந்து சாப்பிடாதவர்களின் கணக்கா, சாப்பிட்டவர்களின் கணக்கா? அப்பா நாளைக் காலை மாத்திரை தொடங்கப் போகிறார். அவர் இரண்டாவது கணக்கைச் சேர்ந்தவர்.

எப்போது எழுதியது?

செய்தித்தாளில் தேதி பார்க்கிறோம். செல்போனில் பார்ப்பதில்லை. பத்து வருடத்துக்கு முன்பு எழுதிய பக்கமும் நேற்று எழுதிய பக்கமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

அந்த இரவு மகள் படித்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் சிகிச்சை, தினமும் ஊசி என்று இருந்தது. அது பழைய முறை. ஊசியே இல்லாமல், நான்கு மருந்துகளைச் சேர்த்து 6 மாதத்தில் முடிக்கும் புதிய சிகிச்சைக்கு இந்திய அரசு 2024இல் ஒப்புதல் தந்தது. எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பழைய பக்கத்தில் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

இன்னொன்று. காசநோயாளியின் சத்துணவுக்காக அரசு மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2018இல் தொடங்கியபோது 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். பல பக்கங்களில் இன்னும் 500 என்றே இருக்கிறது. இந்தப் பணத்துக்கு மருத்துவமனையில்தான் பெயர் பதிவார்கள். ‘பணம் வந்திருக்கிறது, போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால் சொல்லாதீர்கள்.

யார் எழுதியது?

முகவரியைப் பாருங்கள். ‘ஜி-ஓ-வி புள்ளி ஐ-என்’ என்று முடிந்தால் இந்திய அரசின் தளம். உலக சுகாதார நிறுவனத்தின் தளமும் நம்பத் தக்கது. அங்கே எழுதியிருப்பது கொஞ்சம் வறட்சியாக இருக்கும். பரவாயில்லை.

வீடியோக்கள் அப்படி இல்லை. இனிமையாகப் பேசுவார்கள். ‘ஒரே மாதத்தில் காசநோய் ஓடிவிடும், இந்தப் பொடியைப் பாலில் கலந்து குடியுங்கள்’ என்பார்கள். கீழே ஒரு போன் எண் இருக்கும். காசநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய், நீரிழிவு ஆகியவையும் உண்டு. சட்டம் வந்து எழுபது ஆண்டு ஆகியும் விளம்பரம் நிற்கவில்லை. சுவரொட்டியில் இருந்தது இப்போது உள்ளங்கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பொடியை விடக் கெட்டது அந்த ஒரு மாதம். பொடியை நம்பி மாத்திரையை விட்டால் அந்த ஒரு மாதத்தில் கிருமி பெருகும். இருமும்போது பையனுக்கும் பரவும்.

தட்டைத் தனியாக வைக்க வேண்டுமா?

மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். “அவர் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிடு. பிள்ளைங்கள ஊருக்கு அனுப்பிடு.”

இந்த இடத்தில் செல்போன் நன்றாக உதவியது. ‘காசநோய் எப்படிப் பரவும்?’ என்று மகள் தேடினாள். காசநோய் காற்றில் பரவுகிறது. நோயாளி இருமும்போது, தும்மும்போது கிருமி காற்றில் கலக்கிறது. தட்டால் பரவாது. டம்ளரால் பரவாது. தொட்டால் பரவாது. சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஊருக்கு வெளியே, மாதக் கணக்கில். அங்கே இடம் கிடைக்காதவர்களே அதிகம். 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பிரிவு நோயாளிகள் சானடோரியத்தில் மருந்து சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் தங்கள் நெருக்கடியான சின்ன வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம் தெரிந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். அதை நடத்திய நிலையம் இன்றும் சென்னை சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

அம்மா தட்டைத் தனியாக வைக்கவில்லை. ஆனால் நர்ஸம்மா சொன்ன ஒன்றைச் செய்தாள். வீட்டில் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். கூட இருப்பவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்றால், வராமல் தடுக்கவும் மாத்திரை உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு இது மிகவும் அவசியம்.

கூட இருப்பவர்களின் சாப்பாடும் முக்கியம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு மாதாமாதம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

செல்போனுக்குத் தெரியாதது

மாத்திரை தொடங்கிய மறுநாள் அப்பா கழிப்பறையில் இருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்றாம். ‘சிறுநீர் சிவப்பாகப் போகிறது’ என்று மகள் தேடினாள். சிறுநீரகக் கல், சிறுநீரகப் புற்றுநோய் என்று வந்தது.

“இரு. மாத்திரை பேரையும் சேர்த்துப் போடு” என்றாள் அம்மா. ஒரு முறை பட்டவள் அல்லவா?

‘ரிஃபாம்பிசின், சிறுநீர் நிறம்’ என்று போட்டதும் பதில் வந்தது. அந்த மருந்தின் நிறம்தான் அது. வியர்வையும் கண்ணீரும்கூட அப்படி ஆகலாம். ஆபத்து இல்லை.

ஆனால் எல்லாமே இப்படி இல்லை. கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ தேடிக்கொண்டு உட்காரக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இந்த மருந்துகள் சிலருக்கு ஈரலையும் கண்ணையும் பாதிக்கலாம்.

செல்போனுக்கு நோயைத் தெரியும். நம் அப்பாவைத் தெரியாது. அவர் எடை எத்தனை கிலோ? அதை வைத்துத்தான் எத்தனை மாத்திரை என்று முடிவு செய்கிறார்கள். சர்க்கரை இருக்கிறதா? குடிப்பழக்கம் உண்டா? வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா? இதெல்லாம் டாக்டருக்குத்தான் தெரிய வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் கெடுதி.

அதனால் செல்போனில் படித்ததைக் கேள்வியாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அம்மா பையனின் பழைய நோட்டில் எழுதி வைத்தாள்: ‘மாத்திரை வெறும் வயிற்றிலா? ஒரு நாள் மறந்தால் என்ன செய்வது? அடுத்த சளிப் பரிசோதனை எப்போது?’ வரிசையில் முறை வந்ததும் நோட்டைப் பார்த்துக் கேட்டாள். டாக்டர் மூன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

டாக்டரிடம் கேட்க விட்டுப் போனால் 1800 11 6666 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசநோய்க்காக அரசு வைத்திருக்கும் இலவச எண் இது. பல இந்திய மொழிகளில் பேசுவார்கள்.

இரண்டு மாதம் ஆனது. மீண்டும் சளி எடுத்தார்கள். சீட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருந்தது. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நான்கு கிலோ எடை கூடியிருந்தது. பட்டறைக்குக் கிளம்பும்போது மாத்திரையைத் தள்ளி வைத்தார்.

“அதான் நெகட்டிவ்னு வந்திடுச்சே. இனிமே எதுக்கு?”

“சளியிலதான் தென்படலை. உள்ள கொஞ்சம் உறங்கிட்டு இருக்குமாம். இப்ப விட்டா மருந்துக்கே அடங்காம எழுந்திருக்குமாம். அன்னைக்கு நாங்க தப்பாப் படிச்சோமே, அந்த ரெசிஸ்டன்ஸ், அது நிஜமாவே வந்திடும். இன்னும் நாலு மாசம் இருக்கு.”

“இதையும் செல்லுலதான் பாத்தியா?”

“செல்லுல பாத்தேன். அப்புறம் டாக்டரம்மாகிட்டயும் கேட்டேன்.”

அப்பா தண்ணீர் கேட்டார்.