பட்டை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை

காலை பதினொரு மணிக்கு முன்னால் டோக்கியோவில் இசைத்தட்டு வாங்கக் கிளம்புவதில் பயனில்லை. பெரும்பாலான கடைகள் பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோதான் கதவு திறக்கின்றன. ராக் இசை தேடி வருகிற வெளிநாட்டவர் ஒரு நாளில் பார்த்து முடிக்கக்கூடிய வட்டாரங்கள் மூன்று: ஒச்சானோமிசு, ஷின்ஜுகு, ஷிபுயா. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு சூவோ விரைவு ரயிலில் பத்து நிமிடம். அங்கிருந்து ஷிபுயாவுக்கு யமனோத்தே ரயிலில் ஏழு நிமிடம். இந்த மூன்றுக்குள் இருக்கும் கடைகளையே ஒரு நாளில் முழுதாகப் பார்க்க முடியாது என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

மற்ற ஊர்களில் இசைத்தட்டுக் கடை என்பது அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. ஜப்பானில் அப்படி இல்லை. பதிவுசெய்த இசைக்கான சந்தையில் உலகிலேயே அமெரிக்காவுக்கு அடுத்த இடம் ஜப்பானுடையது. அந்த வருமானத்தில் பாதிக்கும் மேல் இன்றும் சிடி, டிவிடி, இசைத்தட்டு என்று கையில் பிடிக்கிற பொருளிலிருந்து வருகிறது. டவர் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2006இல் திவாலாகி அங்கே கடைகளை மூடியது. அதன் ஜப்பான் கிளை 2002லேயே தனி நிறுவனமாகப் பிரிந்துவிட்டதால் தப்பித்தது. ஷிபுயாவில் 1995இலிருந்து இருக்கும் அதன் கட்டடத்தில், தரைக்குக் கீழே ஒன்றையும் சேர்த்து ஒன்பது தளங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஏன் இப்படி என்று கேட்டால், ஜப்பானியர்கள் பொருள்மீது பிரியம் உள்ளவர்கள், எதையும் பத்திரமாக வைப்பவர்கள் என்ற பதில் உடனே வரும். பொய்யில்லை. ஆனால் கடைத் தட்டில் வெளிநாட்டவர் கண்டு வியக்கிற பல விஷயங்களுக்கு, ஒரே ஆல்பத்துக்கு இரண்டு விலை, வேறெங்கும் இல்லாத கூடுதல் பாடல், தடித்த விளக்கப் புத்தகம் ஆகியவற்றுக்கு, பிரியத்தைவிட விலைச் சட்டம்தான் காரணம்.

ஜப்பானின் ஏகபோகத் தடைச் சட்டம் 1947இல் வந்தது. பொருளைத் தயாரிப்பவர் கடைக்காரரிடம் ‘இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் பொது விதி. 1953இல் அதில் திருத்தம் செய்து, புத்தகம், பத்திரிகை, இசைத்தட்டு போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு சைஹான் என்று பெயர். பிறகு வந்த ஒலிநாடாவும் சிடியும் இதற்குள்ளேயே அடங்கின. எனவே ஜப்பானில் தயாரான புதிய சிடியை எந்தக் கடையும் தன் விருப்பத்துக்குத் தள்ளுபடியில் விற்க முடியாது. இதை எடுத்துவிடலாமா என்று நியாய வணிக ஆணையம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2001இல் ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டது. அந்த ‘இப்போதைக்கு’ இன்னும் முடியவில்லை.

சட்டம் உள்நாட்டுத் தயாரிப்புக்குத்தான். இறக்குமதித் தட்டுக்குக் கட்டுப்பாடு இல்லை. டவர் போன்ற கடைகள் வளர்ந்ததே இந்த ஓட்டையில்தான். 1985இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென். மூன்றே ஆண்டில் அது பாதியாக இறங்கி, யென் வலுத்தது. அமெரிக்கத் தட்டு மலிந்து கொட்டியது. உள்நாட்டில் அச்சான பதிப்பு இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் யென் என்று நிற்க, அதே ஆல்பத்தின் இறக்குமதிப் பதிப்பு பக்கத்துத் தட்டில் பல நூறு யென் குறைவாகக் கிடந்தது. ஜப்பானிய நிறுவனங்களால் விலையில் மோத முடியாது. ஆகவே பொருளில் மோதின. பாடல் வரிகளை அச்சிட்டு ஜப்பானிய மொழிபெயர்ப்பும் சேர்த்தார்கள். விமர்சகர் ஒருவரை வைத்து நீண்ட அறிமுகம் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டுக் குழுக்களிடம் கேட்டு வாங்கி ஜப்பான் பதிப்புக்கென்றே ஒன்றிரண்டு பாடல்களைக் கூடுதலாகப் போட்டார்கள். ‘ஜப்பான் போனஸ் டிராக்’ என்று உலகமெங்கும் ரசிகர்கள் தேடி அலைவது இதைத்தான். உண்மையைச் சொல்வதென்றால், அவற்றில் முக்கால்வாசி ஆல்பத்தில் இடம் கிடைக்காத மிச்சங்கள். கிடைக்காமல் போனதற்குக் காரணமும் கேட்டவுடன் புரிந்துவிடும். மீதிக் கால்வாசிக்காகத்தான் இவ்வளவு அலைச்சல்.

இன்று யென் சரிந்துகிடப்பதால் இந்தப் பழைய கணக்கு ஆட்டம் கண்டிருக்கிறது. இறக்குமதி என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. ஆனால் இரண்டு பதிப்பையும் அருகருகே அடுக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது.

பழைய தட்டுகளின் உலகம் ஒச்சானோமிசுவில் தொடங்குகிறது. மெய்ஜி பல்கலைக்கழகத்தை ஒட்டிய சரிவான சாலை முழுக்க கிதார் கடைகள். நடுநடுவே டிஸ்க் யூனியன் என்ற பழைய இசைத்தட்டுக் கடைச் சங்கிலியின் கிளைகள். இந்த நிறுவனம் கடையை இசை வகைப்படி பிரித்துவிடும். ஹார்டு ராக்குக்கும் ஹெவி மெட்டலுக்கும் ஒரு கடை, ஜாஸுக்கு வேறொரு கடை, ஷின்ஜுகுவில் ப்ரோக்ரெசிவ் ராக்குக்கென்று தனியாக ஒன்று. அதனால் உள்ளே நுழைந்தால் விற்பவர், வாங்குபவர் இருவருமே அந்த வகையில் ஊறியவர்களாக இருப்பார்கள். பேச்சு குறைவு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உறைகளைத் தள்ளிக்கொண்டே போகும் ‘டப் டப்’ ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இங்கேதான் ஓபியைச் சந்திக்க வேண்டும். ஜப்பானில் வெளியான எல்.பி. உறையின் இடப்பக்கத்தில், மேலிருந்து கீழாகச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை அது. கிமோனோவின் இடுப்புப் பட்டைக்குள்ள பெயர்தான் இதற்கும். வெளிநாட்டு ஆல்பத்தின் உறை ஓவியத்தை மாற்றாமல், ஜப்பானிய மொழியில் பெயர், விலை, விளம்பர வாசகம் ஆகியவற்றைச் சொல்ல வழி வேண்டுமே! அதற்குத்தான் பட்டை. வாங்கியவர்கள் பலர் வீட்டுக்குப் போனதும் கழற்றி எறிந்தார்கள், அல்லது அது தானாகக் கிழிந்தது. விளைவு, 1960கள், 70களின் தட்டு பட்டையோடு கிடைத்தால் ஒரு விலை, பட்டை இல்லாமல் ஒரு விலை. அரிய தட்டுகளில் இரண்டுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். காதால் கேட்கிற பொருளுக்கு, எறிந்துவிட வேண்டிய காகிதம் விலை வைக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் பட்டையோடு ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு, பட்டை இல்லாதது மூளியாகத்தான் தெரியும்.

விலைச்சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. தட்டின் நிலைக்கு ஒரு மதிப்பெண், உறையின் நிலைக்கு ஒரு மதிப்பெண், ஆங்கில எழுத்தில் இருக்கும். ‘ஓபி இருக்கிறது’, ‘பாடல்வரித் தாள் இல்லை’, ‘உறையில் கறை’ போன்ற குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருக்கும். கைபேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். ஜப்பானியக் கடைக்காரர் குறையைக் கூட்டிச் சொல்கிறவர். அவர் ‘பி’ போட்டதை வேறு நாட்டில் தயங்காமல் ‘ஏ’ என்பார்கள். சந்தேகமிருந்தால் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா என்று கேட்கலாம். பல கடைகளில் அதற்கென்றே ஒரு ப்ளேயர் உண்டு. 1960களில் தோஷிபா நிறுவனம் தூசி ஒட்டாத பிளாஸ்டிக்கில் செய்த சிவப்பு நிறத் தட்டுகள் கண்ணில் பட்டால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பீட்டில்ஸ் ஆல்பங்கள் பல அப்படிச் சிவப்பாக வந்தன.

விலைச் சட்டத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. விலை குறையாத நாட்டில் மாணவர்கள் என்ன செய்வார்கள்? 1980இல் டோக்கியோவின் மிதாகா பகுதியில் ஒரு கடை, இசைத்தட்டை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோய் நாடாவில் பதிந்துகொண்டு மறுநாள் திருப்பித் தந்துவிடலாம். சில ஆண்டுகளில் நாடெங்கும் இதே கடைகள். இசை நிறுவனங்கள் கொதித்தன. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வாடகைக்கு உரிமைத்தொகை கட்ட வைத்தார்கள். பின்னர் வெளிநாட்டு ஆல்பங்களை வெளியான ஓராண்டுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்ற ஏற்பாடும் வந்தது. ஒச்சானோமிசுவில் அரிய இசைக்காகப் பெயர்பெற்ற ஜானிஸ் என்ற வாடகைக் கடை 2018இல் மூடியது. இணையத்தில் எல்லாம் கிடைக்கிற காலத்தில் வாடகைச் சிடிக்கு வேலையில்லை.

பிற்பகலில் ஷின்ஜுகு. நிலையத்தின் மேற்குப் பக்கம், சிறு கட்டடங்களின் மாடிகளில் ஒளிந்திருக்கும் கடைகளுக்கு ராக் ரசிகர்களிடையே ஒரு தனிப் புகழ், கெட்ட புகழ்தான். கச்சேரிகளில் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த ‘பூட்லெக்’ சிடிகள் அங்கே அழகான அட்டையோடு அடுக்கிக் கிடக்கும். குழுவுக்கும் பாடலாசிரியருக்கும் அதில் ஒரு யென்கூடப் போகாது. பார்க்கலாம், வியக்கலாம், வாங்காமல் வருவதுதான் முறை.

கச்சேரிப் பதிவு வேண்டுமென்றால் முறையாக வந்ததிலேயே ஜப்பானுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோ புதோகான் அரங்கிலும் மூன்று இரவுகள் வாசித்ததைப் பதிவுசெய்து, ஜப்பானுக்கு மட்டும் என்றே முதலில் திட்டமிட்டார்கள். ‘மேட் இன் ஜப்பான்’ என்ற பெயரில் அது உலகைச் சுற்றியது. சீப் டிரிக் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் அவ்வளவாக விலைபோகாத குழு, ஜப்பானில் இறங்கியபோது இளம்பெண்கள் கூட்டம் அலறியது. 1978 ஏப்ரலில் புதோகானில் எடுத்த பதிவு ஜப்பான் சந்தைக்காக மட்டும் வெளியானது. அதை அமெரிக்கக் கடைகள் இறக்குமதி செய்து விற்கத் தொடங்க, 1979இல் வேறு வழியின்றி அமெரிக்காவிலேயே வெளியிட்டார்கள். அந்தக் குழுவுக்கு அதுவே ஆகப் பெரிய வெற்றி. புதோகான், 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய அரங்கம். 1966இல் பீட்டில்ஸ் அங்கே வாசித்தபோது, தற்காப்புக் கலைக்கான இடத்தில் இந்தக் கூத்தா என்று எதிர்ப்புக் கிளம்பியது.

வெளிநாட்டு ராக்கை எத்தனை நேரம் பார்த்தாலும், ஜப்பானிய ராக் பகுதிக்குப் போகாமல் திரும்பக் கூடாது. அங்கே ஆங்கில அகரவரிசை நின்றுவிடும். பல வெளிநாட்டவர்கள் அந்த இடத்தில் திகைத்து நிற்பார்கள். தமிழ் படித்தவருக்கு அந்தத் திகைப்பு தேவையில்லை. உயிரெழுத்து அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ வரிசைகள். ‘ஹ’ இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் இருந்தது ‘ப’. சித்தம் என்ற இந்திய எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பான் போன வரிசை இது. பெயர்ப்பலகையின் எழுத்துக்களைக் கொஞ்சம் அடையாளம் தெரிந்துகொண்டால், தேடுகிற குழு ‘ந’வுக்குப் பின்னும் ‘ம’வுக்கு முன்னும் எங்கே இருக்கும் என்று கை தானாகப் போகும். அந்த ‘ஹ’ வரிசையில் மட்டும் நின்றாலே போதும், பாதி வரலாறு கிடைத்துவிடும்.

ஹாப்பி எண்ட், ஃபிளவர் டிராவலின் பேண்ட் இரண்டும் அங்கேதான். 1970இல் ஜப்பானில் ஒரு சண்டை நடந்தது: ராக்கை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா? ஆங்கிலம்தான் என்றவர்களில் முன்னணியில் நின்றவர் பாடகர் யூயா உச்சிதா. அவர் உருவாக்கிய ஃபிளவர் டிராவலின் பேண்ட் 1971இல் ‘சத்தோரி’யை வெளியிட்டது. தாய்மொழியில் முடியும் என்ற ஹாப்பி எண்ட் அதே ஆண்டு ‘கசேமாச்சி ரோமன்’ ஆல்பத்தைக் கொடுத்தது. எதிரெதிர்க் கட்சிகளின் இரண்டு தட்டும் இன்று ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன; வாதத்தில் ஹாப்பி எண்ட் வென்றது, ஆனால் ‘சத்தோரி’யின் கிதாருக்கு முன்னால் வாதம் மறந்துபோகும். அதே வரிசையில் ஹதாகா நோ ராலீஸ் என்ற மர்மக் குழுவும் உண்டு. கியோட்டோவில் 1967இல் தொடங்கியது. அதன் முதல் பேஸ் கிதார் கலைஞர் 1970இல் ஒரு ஜப்பானிய விமானத்தை வட கொரியாவுக்குக் கடத்திய கும்பலில் ஒருவர். குழுவின் பெயரில் முறையான ஆல்பங்கள் 1991வரை வரவே இல்லை.

மாலையில் ஷிபுயா சேரும்போது, கடைகளில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் நிறைந்திருப்பார்கள். யென் மலிந்ததும் அவர்கள் பெட்டியோடு வருகிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. ஷிபுயாவின் பெரிய எச்.எம்.வி. கடை 2010இல் மூடியபோது, இசைக் கடைகளின் காலம் முடிந்தது என்று எழுதினார்கள். 2014இல் அதே பெயர் பழைய இசைத்தட்டுகளுக்கான கடையாகத் திரும்பி வந்தது. ஜப்பானில் இசைத்தட்டுத் தயாரிப்பின் மதிப்பு 2010இல் 20 கோடி யென்னைக்கூட எட்டவில்லை. 2023இல் 620 கோடி யென்னைத் தாண்டியது. யொகொஹாமாவின் தோயோ கசெய் ஆலை மட்டும் நெடுங்காலம் நாட்டில் தனியாகத் தட்டு அடித்துக்கொண்டிருந்தது. 29 ஆண்டுகள் கழித்து 2018இல் சோனியும் மீண்டும் அடிக்கத் தொடங்கியது.

காசு கொடுக்குமுன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணி ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால், வரிவிலக்குப் பெற்ற கடைகளில் 10 சதவீத நுகர்வு வரி இல்லை என்பது நடப்பு ஏற்பாடு. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு கட்டிவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் சரிபார்த்த பிறகு திரும்பப் பெற வேண்டும். அதனால் தட்டுகளைப் பெட்டியின் அடியில் புதைத்து விமான நிறுவனத்திடம் ஒப்படைக்குமுன் அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. கட்டும்போது தட்டை உறைக்கு வெளியே எடுத்துத் தனித் தாளுறையில் வைத்துக் கட்டுங்கள். விழுந்தாலும் இடித்தாலும் உறையின் விளிம்பு பிளக்காது. பட்டையைத் தனியாக ஒரு புத்தகத்துக்குள் வையுங்கள்.