முக்குற்றக் கொள்கையும் தமிழ் மருத்துவ வரலாறும்

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பின் நலமும், பிறழின் நோயும் உண்டாம் என்பது தமிழ் மருத்துவத்தின் அடிப்படை. சோமனூர் முதலிய கொங்குநாட்டுத் தறியூர்களிலும் தலைச்சுற்றலைப் 'பித்தம்' என்றும், தசைவலியை 'வாயுப் பிடிப்பு' என்றும் வழங்குவர். அங்ஙனம் வழங்குவோர் மருத்துவ நூல் கற்றவரல்லர். சொல்லே கொள்கையைச் சுமந்து நிற்கின்றது. இக்கொள்கையின் தொன்மையும் பரவலும் ஈண்டு ஆராயப்படும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் முதற் குறள், வளி தொடங்கி எண்ணப்பட்ட மூன்றும் அளவு மாறுபடின் நோய் விளையும் என்கின்றது. இவ்வகுப்பை வள்ளுவர் தம் கூற்றாக வையாது நூலோர்மேல் ஏற்றியுரைத்தார். ஆதலின், அவர்க்கு முன்னரே இது நூல்வழிப்பட்ட கொள்கையாதல் தெளிவு. அந்நூல் எம்மொழியினது என்பது குறளாற் பெறப்படாது. எனினும், நோயாளி, மருத்துவன், மருந்து, பணிபுரிவோன் என நான்கு கூறும் இவ்வதிகாரத்து இறுதிக் குறள், சரகர் கூறும் நாற்பாகுபாட்டோடு ஒத்தல் நோக்கத்தக்கது.

காலம் உறுதியான சான்று கல்வெட்டினின்று கிடைக்கின்றது. வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகளையுடைய ஆதுலசாலை ஒன்றனைக் குறிக்கின்றது. ஆண்டுச் செலவுக்கு அங்கு வைக்கப்பட்ட மருந்துகளுள் வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, கல்யாணலவணம் என்பன அடங்கும். இவை ஆயுர்வேத நூல்வழக்கினவாம். 11ஆம் நூற்றாண்டில் இவ்வறச்சாலை எம்மரபைப் போற்றிற்று என்பதற்கு இப்பெயர்களே சான்று.

இனிச் சித்தர் பெயரால் வழங்கும் நூல்களை நோக்குவோம். வாதம் ஒன்று, பித்தம் அரை, ஐயம் கால் என நாடியின் அளவு காணும் முறை அவற்றின் சிறப்புப் பகுதி. நாடித் தேர்வு சரகத்திலும் சுசுருதத்திலும் இல்லை. வடமொழி மருத்துவ நூல்களுள் அது விளங்கக் காணப்படுவது காலத்தாற் பிற்பட்ட சார்ங்கதர சங்கிதையிலேயாம். பறங்கிப்பட்டையைப் பெயர் சுட்டும் பாடல்களைப் பறங்கியர் வருகைக்கு முற்பட்டனவாகக் கொள்ளலும் அரிது. ஆகவே, அகத்தியர் பெயர் தாங்கியமை ஒன்றே நூலின் தொன்மைக்குச் சான்றாகாது.

யவன நாட்டிலும் குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு எண்ணினர். கேலன் வகுத்த அம்முறை 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இசுஹாக்கு முதலியோரால் அரபு மொழி புகுந்து, இப்னு சீனாவால் விரிவுற்று, யூனானி எனும் பெயரால் இந்தியா அடைந்தது. சுசுருதமும் குருதியை நான்காவதாக எண்ணுமிடம் உண்டு. ஒப்புமை உளதாதல் பற்றியே ஒன்று மற்றொன்றன் கடன் எனத் துணிதல் பொருந்தாது.

தமிழ் மரபு யாழ்ப்பாண வேந்தர் பெயரால் அமைந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்களாக ஈழத்திலும் தழைத்தது. சென்னையில் 1924இல் தோன்றிய அரசு இந்திய மருத்துவப் பள்ளியில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் ஒருங்கு கற்பிக்கப்பட்டன. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி எழுந்தது.

கொள்கையின் காலம் வேறு, அதனைக் கூறும் நூலின் காலம் வேறு. இவ்விரண்டனையும் மயங்கவைப்பின் தமிழ் மருத்துவத்தின் உண்மைப் பெருமை மறையும். பொதுக்கொள்கையை ஏற்று, நாடியும் பற்பமும் செந்தூரமும் தழுவிய தனி மருத்துவமாக வளர்த்து, எளிய செய்யுளில் ஊர்தோறும் நிலைபெறச் செய்தமையே அப்பெருமை. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, இடைச்செருகல் களைந்து, சொல்லாட்சி வழியே காலம் வரையறுத்தல் தமிழாய்வாளர் கடன் என்க.