ஆயிரம் ரூபாய் பைக் பாக்கி!

நண்பனுக்குக் கடன் கொடுத்துவிட்டு முழிக்கிற ஆசாமியா நீங்கள்? கவலையை விடுங்கள். உங்கள் கட்சியில் ஒரு ஃபீல்டு மார்ஷலே இருக்கிறார்!

1947. டெல்லி ராணுவத் தலைமையகத்தில் சாம் மானெக்‌ஷாவும் யாஹ்யா கானும் சகாக்கள். சாமின் மோட்டார் பைக் மேல் யாஹ்யாவுக்கு ஒரு கண். 1,000 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. பிரிவினையில் பைக் பாகிஸ்தான் போனது. பணம்? பி.காம். பாஷையில், வாராக்கடன்!

1971. அங்கே யாஹ்யா ஜனாதிபதி, இங்கே சாம் தளபதி. ஏப்ரலிலேயே படையெடுக்கலாமா என்று கேட்டார் பிரதமர் இந்திரா. "மழை வரப்போகிறது, படை தயாராக இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார் சாம். பழைய கணக்குக்காக அவசரப்படவில்லை. நம்ம ஆவடி ஃபாக்டரியின் விஜயந்தா டாங்குகளும் அப்போது ராணுவத்தில் இருந்தன.

டிசம்பர் 3-ல் போர். 16-ல் டாக்காவில் சரண். சுமார் 93,000 கைதிகள்.

'பைக் பணத்தைத் தராத யாஹ்யா, பாதி நாட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்' என்று பின்னால் ஜோக்கடிப்பாராம் சாம். ஆனால் கைதிகளை மரியாதையாக நடத்தணும் என்பதில் மட்டும் அவர் விளையாடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எதிர் கம்பெனிக்குத் தாவிய நண்பரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாதீர்கள் சார். ஆர்டரை விட்டுக்கொடுக்காதீர்கள், டீயை வாங்கிக் கொடுங்கள்!